காற்றாலை வளைவில் ஐந்து விரல்

ஒரு மனிதனுடைய பயத்தைச் சுமப்பதற்குச் சுற்று ஒன்றுக்கு ஏழாயிரம் ரூபாய். ஹெல்மெட் வாடகை தனி. மழை பெய்தால் ஒன்றரை மடங்கு.

இந்த விலையை வைத்தவன் நான்தான். அதற்கு முன்னால் அந்தச் சரக்குக்குச் சந்தையே கிடையாது. மனிதன் குகையில் இருந்த காலத்திலிருந்து அவனவன் பயத்தை அவனவனே பட்டுக்கொண்டிருந்தான், அதுவும் ஓசியில். முதல்முறை விலை சொல்லும்போது எனக்கே நாக்கு கொஞ்சம் புரண்டது. ஆனால் விலையைச் சொன்னால் அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடுத்து எவன் பேசுகிறானோ அவனுக்கு நஷ்டம். நான் மூடிக்கொண்டேன். எதிரே நின்ற தேவநாதன் பேசினார்.

"கட்டுபடியாகுமுங்கண்ணாச்சி," என்றார்.

பத்தாயிரம் சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை ஒரு வருத்தம் உண்டு.

என் பெயர் வன்னியப்பெருமாள். அது வங்கிக்காரர்களுக்கு மட்டும் தெரியும்; கோயம்புத்தூரில் எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. விருதுநகரில் மிளகாய் வற்றல், மல்லி, துவரை என்று கமிஷன் மண்டி வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. நான் மட்டும் தடம் மாறி, அவினாசி சாலையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி விற்கிறேன். வற்றலுக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் சிவப்பாக இருந்தால் சீக்கிரம் விலை போகும். இரண்டிலும் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவன் பின்னால் அழுவான்.

எங்கள் மண்டியில் பேரம் வாயால் நடக்காது. விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே நின்று கை கொடுப்பார்கள். கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். எந்த விரல், நுனியா அடியா, எவ்வளவு அழுத்தம் எல்லாமே விலைதான். ஓர் இம்மி கூடுதலாக அழுத்தினால் மூட்டைக்குப் பத்து ரூபாய் போய்விடும். முகம் மட்டும் மழையில் நிற்கும் எருமை மாதிரி இருக்க வேண்டும். ஐந்து விரலையும் ஒன்றாக மூடி இறுக்கினால் பேச்சு முடிந்தது: சரக்கு விற்பனைக்கு இல்லை. அந்தப் பிடியை எங்கள் அப்பா எனக்குச் சொல்லித்தான் கொடுத்தார். பிடித்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் விற்பனைக்கு இல்லாத சரக்கு என்று எதுவும் இருந்ததில்லை.

தேவநாதன் பம்ப் தொழிற்சாலை முதலாளி. ஐம்பதைத் தாண்டியவர். மனைவி காலமாகி ஆறேழு வருஷம் இருக்கும். ஒரே மகள், ஆதிரை, கல்லூரியில் படிக்கிறாள். ஊரில் பாதி வண்டிகள் தாமாக ஓடும் காலம் இது. ஸ்டியரிங்கைப் பிடித்துக் கார் ஓட்டுவது குதிரை வளர்ப்பது மாதிரி ஆகிவிட்டது. வசதியும் பைத்தியமும் ஒருசேர வேண்டும். இரண்டும் நிறைந்த நாற்பது, ஐம்பது பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குத் தெற்கே உள்ள பந்தயத் தடத்தில் கூடுவார்கள். பாலக்காட்டுக் கணவாயின் காற்று நேராக வந்து அறையும் மேட்டு நிலம். தோசை ஒரு பக்கம், டயர் கருகும் வாசனை ஒரு பக்கம். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் லம்போர்கினியை முதன்முதலாக உசுப்புகிறபோது, தடத்து வேலியில் உட்கார்ந்திருக்கும் மைனாக்கள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பி அடுத்த தோட்டத்துக்குப் போகும். அந்தச் சத்தம் காதில் விழாது; நெஞ்செலும்பில் விழும். கார் விற்கிறவன் என்ற முறையில் அதைக் கேட்டு நான் உணர்ச்சிவசப்படக் கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் பட்டிருக்கிறேன்.

தேவநாதன் என்னிடம் வாங்கியது வெள்ளிநிறத்தில் ஒரு போர்ஷே 911. இன்ஜின் பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிற வண்டி. வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், வால் முன்னால் வந்து "என்ன விஷயம்?" என்று கேட்கும். பயப்படாமல் மிதித்தால் தாய்ப்பூனை குட்டியைத் தூக்குவது போலத் தூக்கிப் போய்விடும்.

தடத்தின் மூன்றாவது வளைவுக்குக் காற்றாலை வளைவு என்று பெயர். ஏற்றத்தில் ஏறி, உச்சியில் இடது பக்கம் திருப்ப வேண்டும். திருப்புகிற இடத்தில் சாலை தெரியாது. வானமும், அதில் சுற்றுகிற ஒரு காற்றாலையும்தான் தெரியும். அந்தப் பக்கம் சாலை இருக்கிறது என்று நம்பித் திருப்ப வேண்டும். தேவநாதனால் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அங்கே காலை எடுத்துவிடுவார். வண்டியின் குரல் அந்த இடத்தில் ஒரு முறை விக்கும். தடத்தோரம் வண்டிகளை நிறுத்தும் பிட்டில் இருக்கிற எல்லோருக்கும் அது கேட்கும். கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி தோசையைப் பார்ப்பார்கள்.

"கையெல்லாம் செரியாத்தானுங் இருக்குது," என்பார் என்னிடம். "இந்தக் காலுதானுங்கண்ணாச்சி. என்ற பேச்சைக் கேக்க மாட்டீங்குது."

"வேற கார் பாக்கலாமா மொதலாளி?"

"உங்களுக்கு அதேதானுங்க நெனப்பு."

அந்தச் சமயத்தில்தான் நஸ்ரின் வந்து சேர்ந்தார். நரம்பியல் பொறியாளர். முப்பது வயதிருக்கும். இரண்டு ஹெல்மெட்டும், ஸ்டியரிங்கிலிருந்து அறுத்தெடுத்த துண்டு போல ஒரு ரப்பர் பிடியும் ஒரு மடிக்கணினியும் கொண்டு வந்திருந்தார்.

"பயத்தை அழிக்கிற மருந்து ஏற்கெனவே இருக்கு அண்ணாச்சி," என்றார். "வெளியூர்ல ஒரு தடத்துல அதைப் போட்டுக்கிட்டு ஓட்டினாங்க. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே போய் டயர் சுவத்துல மோதினாங்க. பயம் இல்லைன்னா பிரேக் எதுக்குன்னே மூளைக்குத் தெரியாது."

"அப்ப என்ன செய்றது?"

"அழிக்கக் கூடாது, இடம் மாத்தணும். ஓட்டுறவருக்குப் பயம் கிளம்பும்போதே ஹெல்மெட் அதைப் பிடிச்சு, பிட்ல உக்காந்திருக்கிற இன்னொருத்தருக்கு அனுப்பிடும். அவர் பயப்படுவார். பயந்தா கை தானா இறுகும்ல? அந்தக் கையில இந்தப் பிடி இருக்கும். அவர் எவ்வளவு இறுக்குறாரோ அவ்வளவு வேகம் குறையும். எந்த விரல்ல இறுக்குறாரோ அது ஸ்டியரிங் வழியா ஓட்டுறவர் உள்ளங்கையிலயும் தெரியும்."

"அதாவது, ஒருத்தர் விருந்து சாப்பிட, வயித்துவலி இன்னொருத்தருக்கு."

நஸ்ரின் அதை மடிக்கணினியில் தட்டிவைத்துக்கொண்டார். "இதைவிட நல்லா நான் விளக்கினதில்லை," என்றார்.

முதலில் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். மூடிப்போன மில்லின் காவலாளி ஒருவர் வந்தார். அரைச் சுற்றிலேயே பிடியை நொறுக்குகிற மாதிரி இறுக்கிவிட்டார். வேகம் சட்டென்று அறுந்து, போர்ஷே பம்பரமாய்ச் சுற்றியது. அடுத்து, சினிமாவில் மாடியிலிருந்து விழுகிற ஆள் ஒருவர். அவருக்கு இறுக்கவே வரவில்லை. தேவநாதன் தடத்தைவிட்டு வெளியே போய்க் கம்பு வயலைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அளந்து இறுக்கணும்," என்று நஸ்ரின் அலுத்துக்கொண்டார். "உள்ளுக்குள்ள உயிர் போகணும், வெளிய விரல் நிதானமா இருக்கணும். அப்படி ஒரு மனுஷனை எங்க போய்த் தேடுறது?"

நான் என் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிடியை வாங்கினேன். மடிக்கணினித் திரையில் கோடு ஒன்று ஓடியது. சுண்டுவிரல் நுனியில் கால், மோதிர விரல் அடியில் அரை, என்று மிளகாய் விலை பேசினேன். நஸ்ரின் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு தேவநாதனைப் பார்த்தார். தேவநாதன் என்னைப் பார்த்தார். அந்த மாதிரி மூன்று பேர் ஒரு சரக்கைப் பார்க்கும்போது விலை ஏறும் என்பது எனக்குத் தெரியும்.

அப்போது சொன்னதுதான் ஏழாயிரம்.

முதல் சுற்று.

நாற்காலி அசையவில்லை. தகரக் கூரை, மேஜை, டீ தம்ளர் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் அந்தப் பக்கம் தேவநாதன் ஏற்றத்தில் ஏறியபோது, என் வயிற்றுக்கு அடியிலிருந்து தரையை யாரோ விரிப்பைப் போல உருவினார்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கதவை அடைத்தார்கள். ஓடு ஓடு என்று கால் கெஞ்சியது. முகம்? மழையில் நிற்கிற எருமை. மோதிர விரலில் மட்டும் ஒரு கால் அழுத்தம் கொடுத்தேன். மூட்டைக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் இறங்க மாட்டேன் என்று சொல்கிற அழுத்தம்.

காற்றாலை வளைவில் வண்டியின் குரல் விக்கவில்லை.

ஒரே மூச்சில் உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கம் சரிந்து, கம்பீரமாக நீண்டு போயிற்று. வேலியோரம் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். தோசை வார்க்கிறவர்கூடக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

தேவநாதன் வந்து வண்டியை நிறுத்தினார். இறங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர்.

"நான் திருப்பலீங்கண்ணாச்சி," என்றார். "உலகம் திரும்புச்சுங். காத்தாலையோட இறக்கை ஒண்ணொண்ணும் தனித்தனியாத் தெரியுது. ரோட்டுல கெடக்கிற கல்லு ஒண்ணொண்ணையும் எண்ணலாமுங். நாலு டயரும் என்ற விரலாட்ட இருந்துச்சு. இத்தன நாளா அந்த வளைவு அங்கதான் இருந்துச்சு, நான்தான் பாக்காமயே போய்ட்டு வந்திருக்கறேன்."

ஜவுளிக்கடைக்காரர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். கழற்றியது அவருக்கே தெரிந்திருக்காது.

அடுத்த மாதத்துக்குள் பிட்டுக்குப் பின்னால் தனிக் கொட்டகையே வந்துவிட்டது. வரிசையாக எட்டு நாற்காலி. நஸ்ரின் பயிற்சி கொடுத்தார், கமிஷன் எனக்கு. தறி ஓட்டியவர், டியூஷன் டீச்சர், வேலை போன வங்கி ஊழியர் என்று ஆட்கள் வந்தார்கள். மதியச் சாப்பாடு அவர்களுக்கு இறங்காது. வெளியே பணக்காரர்கள் குழந்தைகளைப் போலச் சிரித்துக்கொண்டு காரிலிருந்து இறங்குவார்கள். உள்ளே எட்டுப் பேர் வியர்த்துப்போய் உட்கார்ந்து கைவிரல்களை நீவிக்கொள்வார்கள். கூலி நல்ல கூலி. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்கு வேறு ஒரு சிக்கல் தொடங்கியிருந்தது.

பயம் வெறும் பயமாக வருவதில்லை. மேலே சுவர், டயர், எலும்பு முறிகிற சத்தம் எல்லாம் இருக்கும். தோண்டிக்கொண்டே போனால் அடியில் ஒரு பொருள் இருக்கும். தேவநாதனின் பயத்துக்கு அடியில் இருந்தது ஈரமான ஒரு சின்னக் கை. ஒரு சின்னப் பெண், மஞ்சள் மழைக்கோட்டு, பள்ளிக்கூட வாசல். 'நான் போய்விட்டால் இவளைக் கூப்பிட யார் வருவார்கள்?' ஒவ்வொரு சுற்றிலும், காற்றாலை வளைவின் உச்சியில், அந்தக் கை என் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது. சுற்று முடிந்ததும் போக மறுத்தது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை இல்லை. அப்படிப்பட்ட நான், ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டதும் வாடிக்கையாளரைப் பாதிப் பேச்சில் விட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

"மொதலாளி, பாப்பா காலேஜ்லருந்து வந்துட்டாளா? குடை கொண்டுபோனாளா?"

"ஆதிரையா? தெரியலீங்களே," என்றார் தேவநாதன், நிதானமாக. "வருவாளுங். ஏனுங்?"

மழை என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். ஆனால் சரக்கு எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது என்று பார்த்தே வளர்ந்தவன் நான். எதற்கு ஒருவன் எவ்வளவு பயப்படுகிறானோ, அதுதான் அவன் மனதில் அதற்கு வைத்திருக்கிற விலை. அந்த விலைச்சீட்டைக் கிழித்து வாராவாரம் என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார் தேவநாதன்.

வால்பாறைக்குப் போன அன்று அது உறுதியாயிற்று.

மாதத்தில் ஒரு ஞாயிறு, விடிந்ததும், ஆழியாறிலிருந்து மேலே ஏறும் மலைப்பாதையில் கையால் ஓட்டுகிற வண்டிகளுக்கு அனுமதி உண்டு. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். கீழே அணையில் தண்ணீர் வெள்ளித் தகடு போலக் கிடக்கும். ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு உயரத்திலிருந்து அதே தண்ணீர் தெரியும். பத்துப் பன்னிரண்டு கார்கள் வரிசையாக ஏறும்போது, அவற்றின் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்து, மலையே கியர் மாற்றுகிற மாதிரி இருக்கும். வரையாடுகள் பாறை மேல் நின்று எங்களை வேடிக்கை பார்த்தன.

சாலையில் ஹெல்மெட் கருவிக்கு அனுமதி இல்லை. தேவநாதன் வெறுந்தலையோடு ஓட்டினார். பக்கத்தில் ஆதிரை. அவர் பின்னால், தானாக ஓடுகிற என் சாதாரண வண்டியில் நான். பதினைந்தாவது வளைவுக்கு அருகில் ஒரு பேருந்து முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிரே என்ன வருகிறது என்று கடவுளுக்கே தெரியாத இடம். தேவநாதன் கூலாக ஒதுங்கி, முந்திக்கொண்டு போனார். எதிரே ஒரு பால் வண்டி. நூலிழை.

எனக்கு ஹெல்மெட் இல்லை, பிடி இல்லை. ஆனாலும் தரை உருவியது, கதவு அடைத்தது, ஈரக் கை வந்து உட்கார்ந்தது. காரின் கதவுப் பிடியை என் விரல்கள் அளந்து இறுக்கிக்கொண்டிருந்தன.

அட்டகட்டியில் டீக்கடை முன்னால் எல்லோரும் நிறுத்தினார்கள். தேவநாதன் வடை வாங்கிக்கொண்டிருந்தார். ஆதிரை என்னிடம் வந்தாள். கையிலிருந்த தம்ளரில் டீ ஆடை கட்டியிருந்தது.

"அங்கிள், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு பாப்பா."

"முன்னெல்லாம் நான் ஸ்கூட்டியை எடுத்தா அப்பா கேட் வரைக்கும் வந்து நிப்பாரு. 'போய்ச் சேந்துட்டு போன் பண்ணு'ன்னு நூறு தடவை சொல்லுவாரு. எரிச்சலா வரும். இப்ப சொல்றதே இல்லீங்க. போன மாசம் நூத்தி மூணு காய்ச்சல். தொட்டுப் பாத்துட்டு 'செரியாப் போயிரும்'னுட்டு டிராக்குக்குப் போயிட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் மலையைப் பார்த்தாள். "அப்பாவுக்கு என்னைப் புடிக்காமப் போச்சுங்களா?"

அவள் கேட்ட பொருள் என் உள்ளங்கையில் இருந்தது. கையைப் பின்னால் மறைத்துக்கொள்ளத் தோன்றியது.

"புடிக்காமப் போகல பாப்பா," என்றேன். "இடம் மாறிப்போச்சு. எங்கிட்ட இருக்கு."

நஸ்ரினிடம் போனோம். மூன்று பேரும் ஒன்றாக. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே திரையில் பழைய கோடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"பயம் போற வழி பழகிடுச்சு," என்றார் கடைசியில். "ஹெல்மெட் இல்லாதப்பவும் அவர் மூளை பயத்தைக் கிளப்பாம விட்டுடுது. எப்படியும் வேற ஒருத்தர் படுவார்னு. கொட்டகைல இருக்கிற எட்டுப் பேருக்கும், அவங்களுக்குப் பணம் கொடுக்கிறவங்களுக்கும் இதேதான் நடந்துக்கிட்டிருக்கும். நாளைக்கே மூடுறேன்."

"மூடிட்டாப் போச்சா? எங்கிட்ட இருக்கிறது?"

"திருப்பி அனுப்பலாம். நீங்க ஓட்டணும், அவர் நாற்காலில உக்காரணும். ஆனா அதே பயமா இருக்கணும் அண்ணாச்சி. நீங்க சும்மா வேகமாப் போனா உங்க சொந்தப் பயம்தான் போகும்."

"அதே பயம்னா?"

நஸ்ரின் ஆதிரையைப் பார்த்தார். ஆதிரை சொன்னாள். "நான் பக்கத்துல உக்காரணும். அப்படித்தானுங்க்கா?"

நான் தேவநாதனைப் பார்த்தேன். ஒரு தகப்பன் எழுந்து மேஜையைக் குத்த வேண்டிய இடம் அது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கென்னுங்? உக்காரட்டும்," என்றார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் சட்டென்று சம்மதித்துப் பார்த்திருக்கிறேன். சந்தோஷப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் பேரத்தை முறித்துவிட்டு எழுந்து போய்விடத் தோன்றியது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். இருபது வருஷமாக ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறேன். ஒன்றைக்கூட எண்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. எங்கள் மண்டியில் யாரும் வற்றலை மென்று பார்த்ததும் இல்லை.

"எண்பதா!" என்றாள் ஆதிரை, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "அங்கிள், அது ஸ்கூட்டியே போகுமுங்க."

"கேலி பண்ணாத பாப்பா. கிளட்ச் எங்கிட்டு இருக்கு?"

நூற்று நாற்பதுக்கு மேல் போக முடியாதபடி நஸ்ரின் பூட்டு வைத்திருந்தார். வளைவுக்கு வெளியே புல்வெளி அகலமாக இருந்தது. தடத்தில் வேறு வண்டி இல்லை. எல்லாம் சரிதான். ஆனால் ஏற்றம் கண்ணில் பட்டதும் தரை உருவத் தொடங்கியது. ஈரக் கை வந்தது. இந்த முறை அந்தக் கைக்கு உரியவள் என் பக்கத்தில் இருக்கிறாள், நான் அவளை எங்கேயோ கொண்டுபோகிறேன். எந்த மனிதனும் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி அது ஏறியது. அதன் உச்சியில், ஹெல்மெட் அதை எடுத்துக்கொண்டது.

முழுவதும். ஒரே இழுப்பில்.

எப்படிச் சொல்வது? நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டார் நின்ற பிறகுதான், அது ஓடிக்கொண்டிருந்ததே நமக்குத் தெரியும். நான் பிறந்ததிலிருந்து எனக்குள் ஓடியது நின்றது. காற்றாலையின் மூன்று இறக்கைகளும் தனித்தனியாக, பொறுமையாக, வானத்தைக் கலக்கின. கணவாயின் காற்று புல்லின் மேல் எழுதிக்கொண்டே வருவதைப் பார்த்தேன். முன்கண்ணாடியில் ஒரு தட்டான் இருந்தது. அதன் இறக்கை நரம்புகள் தெரிந்தன. வண்டி நான்கு சக்கரங்களிலும் மூச்சு விட்டது. வளைவு வந்து நிற்கவில்லை; திறந்துகொண்டது. இதற்கு என்ன விலை போடுவது என்று பழக்கத்தில் யோசித்தேன். என்னிடம் எண் இல்லை. எண்கள் தீர்ந்துபோன இடம் என்று ஒன்று இருக்கும் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

அப்போது உள்ளங்கையில் அந்த அழுத்தம் வந்தது.

முதலில் சுண்டுவிரல். பிறகு மோதிரவிரல். பிறகு ஐந்தும் ஒன்றாக மூடி, எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுகின. பிட்டில் உட்கார்ந்திருந்த தேவநாதன் மண்டியைக் கண்டவரில்லை. துண்டுக்கு அடியில் கை கொடுத்தவரில்லை. நானும் அவருக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் அந்தப் பிடியின் பொருள் எனக்குத் தெரியும்.

சரக்கு விற்பனைக்கு இல்லை.

வேகம் சட்டென்று அறுந்தது. வால் முன்னால் வந்தது. வண்டி சுற்றத் தொடங்கியது. பயம் இல்லாமல் சுற்றுவது எவ்வளவு அழகு என்று சொன்னால் திட்டுவீர்கள். காற்றாலை, மலை, பிட், காற்றாலை, மலை, பிட் என்று உலகம் வரிசையாக வந்து முகம் காட்டிவிட்டுப் போயிற்று. புல் சரசரத்தது. நின்றோம்.

"அங்கிள்," என்றாள் ஆதிரை, மூச்சு வாங்கிக்கொண்டு. "இன்னொரு தடவை போலாமுங்களா?"

பிட்டிலிருந்து ஓர் உருவம் ஓடி வந்துகொண்டிருந்தது. செருப்பு ஒரு பக்கம் போயிற்று. வேட்டியாக இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். தடத்தின் விளிம்பில் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடி வந்தார். எத்தனையோ லட்சம் பெறுகிற போர்ஷேயை ஏறிட்டும் பார்க்கவில்லை. கதவைப் பிய்க்கிற மாதிரி திறந்து, மகளின் தலை, தோள், கை, விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லப்பா. அப்பா, ஒண்ணுமில்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் முதல் முறையாக, 'ங்க' போடாமல் பேசினார்.

"யோவ்! உனக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்குதா? பொட்டப்புள்ளய உக்கார வெச்சுட்டு இப்படியாய்யா ஓட்டுவ?"

அதைவிட இனிமையான வசவை நான் கேட்டதில்லை. ஆதிரை அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் இறங்கிப் புல்லில் உட்கார்ந்து காற்றாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டான் இன்னும் கண்ணாடியில் இருந்தது.

கொட்டகை மூடப்பட்டது. நாற்காலிகளை ஒரு கல்யாண மண்டபத்துக்கு விற்றேன். தேவநாதன் இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறார். காற்றாலை வளைவில் வண்டி விக்குகிறது. யாரும் தோசையைப் பார்ப்பதில்லை; கைதட்டுகிறார்கள்.

இனி கணக்கு.

திரும்ப அனுப்பியபோது ஒரு தவறு நடந்துவிட்டது. மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக ஏற்றிவிட்டோம். தேவநாதனின் பயத்தோடு, பிறந்ததிலிருந்து நான் சேர்த்து வைத்திருந்த வியாபாரப் பயமும் போய்விட்டது. இப்போது அவர் டயர் வாங்க வந்தால் ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறார். "பாத்து ஒரு வெல சொல்லுங்கண்ணாச்சி," என்கிறார். பெட்ரோல் பங்கில் சில்லறையை எண்ணிப் பார்க்கிறாராம். நானோ போன வாரம் ஒரு மஞ்சள் லோட்டஸ் காரை, வந்தவன் சொன்ன முதல் விலைக்கே கொடுத்துவிட்டேன். என் கணக்குப்பிள்ளை, காய்ச்சலா என்று என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

ஆகவே அவரிடம் நான் கொடுத்துவைத்திருப்பது ஒரு வியாபாரியின் பயம், முழுதாக. என்னிடம் அவருடையது எதுவும் இல்லை என்றுதான் நினைத்தேன். அப்புறம் மழைக்காலம் வந்தது. முதல் தூறலிலேயே கை தானாகப் போனுக்குப் போயிற்று.

"அப்பா இப்பத்தானுங்க கூப்பிட்டாரு," என்று சிரித்தாள் ஆதிரை. "குடை இருக்குது அங்கிள். ரெண்டு இருக்குது."

விஷயம் தேவநாதன் காதுக்குப் போய்விட்டது. மறுநாளே கடைக்கு வந்து நின்றார்.

"ஏனுங்கண்ணாச்சி, என்ற சரக்கு கொஞ்சம் உங்ககிட்ட நிக்குதாட்ட இருக்குதுங்களே? திருப்பித் தந்துபோடுங்க. கணக்குன்னா கணக்குத்தானுங்."

நியாயமான பேச்சு. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். கை கொடுத்தேன். துண்டைப் போட்டு மூடினேன். முகத்தை எருமை மாதிரி வைத்துக்கொண்டு, துண்டுக்கு அடியில் ஐந்து விரலையும் சேர்த்து மூடினேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை உருவிக்கொள்ளாமல், மழையைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

வரவு: ஒரு வளைவு, ஒரே ஒரு முறை. பற்று: நாற்பத்தேழு வருஷத்து வியாபாரப் பயம். பாக்கி: மழைநாள் ஒன்றுக்கு ஒரு போன், தேவநாதனுக்கு நான் தர வேண்டியது. தருவதாக இல்லை.